கூடுதல் லைட், ஹாரன், கேமரா மாட்டிய லாரியில் கோளாறா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

டாஷ்போர்டில் காலியாகக் கிடக்கும் இடத்தில் ஒரு ராக்கர் ஸ்விட்ச், கைக்கு எட்டிய ஒயரைச் சுரண்டி ஒரு சப்ளை, பம்பரில் இரண்டு லைட். மாட்டிய அன்றைக்கு எல்லாம் பளிச்சென்று எரியும். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் குமரி. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று துறைமுகம் போய்வரும் வண்டிக்கு உப்புக்காற்றும், மீன் பெட்டியில் இருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் வேறு. கொஞ்ச மாதத்தில் லைட் மங்கும், பியூஸ் போகும், காலையில் பேட்டரி படுத்துவிடும். உடனே பழி விழுவது லைட்டின் மேல். லைட்டில் கோளாறு இருப்பது குறைவு. ஜாயின்ட்டிலும் எர்த்திலும்தான் (கரண்ட் சேசிஸ் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) பெரும்பாலும் இருக்கும்.

கீழே சொல்லியிருப்பவை 12 வோல்ட் மினி லாரி, பிக்கப்புக்கும் 24 வோல்ட் லாரி, டிப்பருக்கும் பொருந்தும். வித்தியாசம் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வண்டி காட்டும் அறிகுறிக்கு நேரே போகலாம். அதற்கு முன் முதல் இரண்டு பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

சாவியை அணைத்ததும் பேட்டரியைக் கழற்றாதீர்கள். யூரியா கரைசல் ஊற்றும் பிஎஸ்6 லாரிகளில் சாவியை அணைத்த பிறகும் அந்தப் பம்ப் சில நிமிடம் ஓடிக் குழாயைக் காலி செய்யும். வண்டிக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, முதலில் நெகட்டிவ் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வரிசை மாறினால் ஸ்பேனர் பாசிட்டிவ் போல்ட்டிலும் சேசிஸிலும் ஒருசேரத் தட்டும், ஸ்பேனரே பழுத்துவிடும். மோதிரம், உலோகச் செயின் வாட்ச் இரண்டையும் கழற்றி வையுங்கள்.

தேவையான சாமான் கொஞ்சம்தான்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், வண்டி வோல்ட்டேஜுக்கு ஏற்ற 21 வாட் பிரேக் பல்பில் செய்த டெஸ்ட் லேம்ப், நல்ல கிரிம்பிங் பிளையர், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். மீட்டர் மட்டும் போதாது. பத்து இழையில் ஒன்பது அறுந்த ஒயரிலும் மீட்டர் முழு வோல்ட்டேஜ் காட்டும். பல்பு மாட்டி லோடு கொடுத்தால்தான் ஒயரின் உண்மை நிலை தெரியும். ஆனால் இந்த பல்பு டெஸ்ட் லேம்பை ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஏர்பேக், ஏபிஎஸ் ஒயர்களில் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே மீட்டர் மட்டும்தான்.

சரியாக மாட்டியிருந்தால் எப்படி இருக்கும்

கூடுதல் ஸ்விட்ச்சின் வேலை ரிலேக்கு (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) ஆணை கொடுப்பது. லைட்டின் கரண்டைச் சுமப்பது ஸ்விட்ச்சின் வேலை அல்ல. பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஒயர் புறப்பட்டு 15 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸில் இருந்து ரிலேயின் 30ஆம் பின், 87இல் இருந்து லைட், லைட்டின் இன்னொரு ஒயர் எர்த்துக்கு. ஸ்விட்ச்சுக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் சப்ளையை 3 ஆம்பியர் பியூஸ் வழியாகக் கொடுத்து, ஸ்விட்ச்சில் இருந்து 86ஆம் பின்னுக்கு, 85ஆம் பின் எர்த்துக்கு. இவ்வளவுதான். கேபின் வழியாக ஓடும் ஒயரில் இருப்பது ரிலே காயில் எடுக்கும் கரண்ட் மட்டும்: 12 வோல்ட் ரிலேக்கு சுமார் 0.15 ஆம்பியர், 24 வோல்ட் ரிலேக்கு அதில் பாதி.

பியூஸ் எவ்வளவு? வாட்டை வோல்ட்டால் வகுங்கள், கால் பங்கு கூட்டுங்கள், அதற்கு அடுத்து கிடைக்கும் அளவைப் போடுங்கள். 48 வாட் எல்.இ.டி. நான்கு என்றால் 192 வாட். 24 வோல்ட்டில் 8 ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். அதே நான்கு லைட் 12 வோல்ட் வண்டியில் 16 ஆம்பியர். 20 ஆம்பியர் பியூஸ், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். பிளேடு பியூஸின் நிறம் மனப்பாடமாக இருந்தால் இருட்டிலும் தவறாது: 5 பழுப்பு மஞ்சள், 7.5 காப்பி, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பியூஸ் காப்பாற்றுவது ஒயரை. லைட்டைக் காப்பாற்ற அது வைக்கப்படவில்லை. அதனால் ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் பியூஸ் போடக்கூடாது. போன பியூஸுக்குப் பதிலாக சிகரெட் ஃபாயிலோ, ஒற்றைச் செம்பு இழையோ சுற்றி வைத்த வண்டியில் அடுத்த ஷார்ட்டுக்கு ஒயர்தான் பியூஸ்.

ஒயர் வாங்கும்போது பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். ஸ்பீக்கர் ஒயர் என்று மலிவாகக் கிடைப்பதில் நிறைய இப்படி. செம்பில் ஓடும் அளவு கரண்ட் அதில் ஓடாது, உப்புக்காற்றில் மாவாகவும் உதிரும். வெளியே வெள்ளைப் பூச்சு, சுரண்டினால் உள்ளே செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய நல்ல ஒயர். கடலோரத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒயர் வேண்டாம். அதன் தடித்த இழைகள் வண்டி அதிர்வில் லக்கின் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) கழுத்தில் ஒவ்வொன்றாக முறியும்.

அறிகுறி: ஸ்விட்ச் போட்டால் எதுவுமே நடக்கவில்லை, ரிலே சத்தமும் இல்லை

ரிலேயில் விரல் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். டிக் என்று அடிக்கவில்லை என்றால் கோளாறு ஸ்விட்ச் பக்கம். சாவி போட்டு 86க்கும் 85க்கும் நடுவே மீட்டரை வையுங்கள். பேட்டரி வோல்ட்டேஜ் வந்தும் ரிலே இழுக்கவில்லை என்றால் ரிலே போய்விட்டது அல்லது தவறான ரிலே. கழற்றி காயிலை ஓம்மில் பாருங்கள்: 12 வோல்ட் ரிலே 80 முதல் 100 ஓம், 24 வோல்ட் ரிலே 300 ஓம் சுற்றி. கடைக்காரர் அவசரத்தில் மாற்றிக் கொடுத்திருப்பார். 24 வோல்ட் ரிலே 12 வோல்ட் வண்டியில் இழுக்காது. 12 வோல்ட் ரிலே 24 வோல்ட் லாரியில் நன்றாக இழுக்கும், ஆனால் காயிலில் இரண்டு மடங்கு கரண்ட், நான்கு மடங்கு சூடு. ஒரு ராத்திரி ஓட்டத்தில் கருகிவிடும்.

இரண்டு பின்னுக்கும் நடுவே வோல்ட்டேஜ் வரவில்லை என்றால், மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய் 86ஐப் பாருங்கள். அங்கே வருகிறதா? அப்படியானால் 85இன் எர்த் இல்லை. அங்கேயும் இல்லையா? ஸ்விட்ச் வெளியே வரும் பின், உள்ளே போகும் பின், 3 ஆம்பியர் பியூஸ் என்று பின்னோக்கிப் போங்கள். முதலில் வோல்ட்டேஜ் காட்டும் இடத்துக்கும் அதற்கு முந்தி பார்த்த இடத்துக்கும் நடுவேதான் அறுந்திருக்கிறது.

கேபினைத் தூக்கி இன்ஜின் வேலை பார்த்த பிறகு இந்தக் கோளாறு வந்தால் நேரே கேபின் கீல் பக்கம் போங்கள். கம்பெனி ஒயர் அங்கே தளர்வாக வளைந்து போகும். பிறகு மாட்டிய ஒயரை அதோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். கேபின் சாயும்போது அது விறைத்து லக்கில் இருந்து பிடுங்கிக்கொள்ளும். கேபினை முழுதாகச் சாய்த்து வைத்துத்தான் அந்த இடத்தில் ஒயரின் நீளத்தை அளக்க வேண்டும்.

அறிகுறி: ரிலே அடிக்கிறது, லைட் எரியவில்லை

30இல் சப்ளை இருக்கிறதா, ஸ்விட்ச் போட்டதும் 87இல் வருகிறதா என்று டெஸ்ட் லேம்பால் பாருங்கள். 30இல் இருந்து 87இல் இல்லை என்றால் ரிலேயின் கான்டாக்ட் கரி பிடித்துவிட்டது. ரிலேயை மாற்றுங்கள், உரசிச் சுத்தம் செய்து ஓட்டுவது நாலு நாளைக்குத்தான். 87இலும் இருந்தால் லைட்டின் கப்ளருக்கு (ஒயரைச் சொருகும் பிளக்) போய் அங்கேயே பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை வையுங்கள். எரிந்தால் மட்டுமே லைட்டைச் சந்தேகப்படலாம்.

இதன் தலைகீழும் உண்டு. ஸ்விட்ச் அணைத்தால் லைட் எரிகிறது, போட்டால் அணைகிறது. 5 பின் ரிலேயில் நடுப் பின்னான 87ஏ-வில் ஒயர் மாட்டியிருக்கிறது. அதை 87க்கு மாற்றினால் முடிந்தது.

அறிகுறி: லைட் மங்கல், அல்லது இன்ஜின் ஓடும்போதும் வெளிச்சம் வரவில்லை

இந்த மாவட்டத்தில் அதிகம் வரும் கோளாறு இதுதான், அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். பெரிய பல்பு போட்டால் இன்னும் மங்கும்.

லைட்டை எரியவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மீன் பெட்டி கட்டிய ஒரு 12 வோல்ட் வண்டியின் பின் வேலை லைட்டை எடுத்துக்கொள்வோம். பேட்டரி முனையில் 13.9 வோல்ட். லைட்டின் கப்ளரில் 11.2. நடுவே 2.7 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. எங்கே என்று பார்க்க மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை லைட்டின் பாசிட்டிவிலும் வைக்க வேண்டும். நீளமாக ஒரு ஒயர் தேவைப்படும். 0.4 காட்டுகிறது. பாசிட்டிவ் பாதை பரவாயில்லை. அடுத்து லைட்டின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே: 2.3. எர்த்தில்தான் கோளாறு. எர்த் பக்கம் 0.2க்கு மேல், பாசிட்டிவ் பக்கம் 0.5க்கு மேல் காட்டினால் அந்தப் பாதையைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். 24 வோல்ட் வண்டியில் பாசிட்டிவ் பக்கம் ஒரு வோல்ட் வரை விடலாம்.

அந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது: லக்கின் கீழே பெயின்ட் அப்படியே இருக்கும், வாஷரைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, ஒயரின் ரப்பரைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் செம்பு கறுத்திருக்கும். கறுப்பு உள்ளே எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவையும் வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் செம்பில் புது லக் கிரிம்ப் செய்யுங்கள். சேசிஸில் லக் உட்காரும் இடத்தை உலோகம் மின்னும்வரை தேயுங்கள். பல் வாஷர், 8 மில்லிமீட்டர் போல்ட், இறுக்கம். இறுக்கிய பிறகுதான் மேலே வாசலின் அல்லது கிரீஸ். முதலிலேயே நடுவில் கிரீஸ் அப்பி இறுக்குகிறவர்கள் உண்டு; கிரீஸ் உலோகத்தோடு உலோகம் தொடுவதற்குத் துணை செய்யாது, தண்ணீரைத் தடுக்கத்தான் அது.

பாடி எதில் கட்டியது என்பதைப் பாருங்கள். மரப் பாடியிலும் ஃபைபர் பெட்டியிலும் எர்த்தே கிடையாது. அடியில் ஒரு திருகில் எர்த் ஒயரை மாட்டியிருந்தால் அது அந்தத் திருகோடு நின்றுவிடும், சேசிஸுக்குப் போகாது. அலுமினியப் பெட்டியில் எர்த் கிடைக்கும், ஆனால் அலுமினியமும் செம்பு லக்கும் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். மூன்றுக்கும் ஒரே வழிதான்: லைட்டில் இருந்து தனி எர்த் ஒயரைச் சேசிஸ் வரை கொண்டுவாருங்கள், பாசிட்டிவ் ஒயரின் அதே தடிமனில்.

குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால் ஏற்றும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். பீப்பாய் வழிந்த பாடியில் களிம்பு நீலமாக இருந்தால் காரணம் இதுதான். பித்தளை முனைகள் இழுக்காமலே விரிசல் விடும். அந்த வண்டிகளில் வெள்ளீயம் பூசிய லக், பசை ஸ்லீவ், ஜாயின்ட் எதுவும் பாடித் தளத்துக்குக் கீழே வராத அமைப்பு, மூன்றும் வேண்டும்.

எர்த் சரி, பாசிட்டிவில்தான் இழப்பு என்றால் பியூஸ் ஹோல்டர், ரிலே சாக்கெட், வழியில் இருக்கும் ஜாயின்ட் என்று ஒவ்வொன்றின் இரு பக்கமும் மீட்டரை வைத்துப் பாருங்கள். எதிலும் இழப்பு இல்லை, மொத்தத்தில் மட்டும் இருக்கிறது என்றால் ஒயர் மெலிது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியரை ஓட்டினால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 0.9 வோல்ட் போகும், 2.5 என்றால் 0.35.

அறிகுறி: பியூஸ் போகவில்லை, ஆனால் ஹோல்டர் உருகியிருக்கிறது

இதைப் பார்த்து "பியூஸ் டூப்ளிகேட்" என்று முடிவுகட்டுவது வழக்கம். பியூஸ் அளப்பது தன் வழியாகப் போகும் கரண்டை. ஹோல்டரின் வாய் தளர்ந்து, தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை ஏறினால், 10 ஆம்பியர் ஓடும்போது அந்த மொட்டு அளவு இடத்தில் 10 வாட் சூடு. பிளாஸ்டிக் இளகும், வாய் இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். கரண்ட் கூடவே இல்லை, பியூஸ் ஏன் போகப்போகிறது?

ஹோல்டரை மாற்றும்போது சூட்டில் நிறம் மாறிய ஒயரையும் வெட்டிவிடுங்கள். புது ஹோல்டரின் மேல் 30 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். அதில் இருந்து வெளியே வரும் ஒயரின் தடிமனைப் பாருங்கள். கடைகளில் தொங்கும் மலிவு ஹோல்டர்களில் ஒயர் நூல் கனத்துக்குத்தான் இருக்கும். மூடியுள்ள, வாய் ரப்பர் உள்ள ஹோல்டராகப் பார்த்து, ஒயர் கீழ்ப்பக்கம் வரும்படி மாட்டுங்கள். ரிலேயும் அப்படித்தான், பின்கள் கீழே பார்க்க வேண்டும். மல்லாக்க வைத்த ரிலே சாக்கெட் மழைத்தண்ணீருக்குக் கிண்ணம்.

ஸ்விட்ச்சே உருகியிருந்தால் ரிலே இல்லாமல் மாட்டியிருக்கிறார்கள். ஸ்விட்ச் மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை, ரிலே சேருங்கள்.

அறிகுறி: பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

எப்போது போகிறது என்பதுதான் துப்பு.

பியூஸ் சொருகிய உடனே, ஸ்விட்ச் போடாமலே போனால், பியூஸுக்கும் ரிலேயின் 30க்கும் நடுவே ஷார்ட். ஸ்விட்ச் போட்டதும் 3 ஆம்பியர் பியூஸ் மட்டும் போனால், உள்ளே விளக்கு வைத்த 3 பின் ராக்கர் ஸ்விட்ச்சைக் கழற்றிப் பாருங்கள். அதில் ஒரு பின் சப்ளை, ஒன்று லோடு, ஒன்று எர்த். எர்த்தையும் லோடையும் மாற்றிச் சொருகினால் ஸ்விட்ச் போட்டதும் சப்ளை நேராக எர்த்துக்குப் போகும். நிறம் மாறிய பின்தான் பல ஸ்விட்ச்சுகளில் எர்த், ஆனாலும் கழற்றி வைத்து மீட்டரில் பார்த்துவிடுங்கள்: ஸ்விட்ச் போட்டதும் எந்த இரண்டு பின் சேர்கிறதோ அவை சப்ளையும் லோடும். டயோடு உள்ளே வைத்த ரிலேயில் 85, 86 மாறினாலும் இதே கதி.

ஸ்விட்ச் போட்டதும் பெரிய பியூஸ் போனால் ஷார்ட் 87க்கு அந்தப் பக்கம். பியூஸ் பியூஸாகக் கொளுத்தித் தேட வேண்டாம். பியூஸ் வாயில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள்: 12 வோல்ட்டுக்கு 55 வாட், 24க்கு 70 வாட். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒயரில் 4, 5 ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் கருகாது. இப்போது லைட்டின் கப்ளரைப் பிடுங்குங்கள். பல்பு அணைந்தால் லைட்டுக்குள் ஷார்ட். அணையவில்லை என்றால் ஒயரைப் பின்னால் இருந்து முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு சிமிட்டும் இடத்தில்தான் ஒயர் உரிந்திருக்கிறது. இந்த முறை நீங்கள் மாட்டிய ஒயருக்கு மட்டும், ஈசியு சேர்ந்த கம்பெனி லைனில் வேண்டாம்.

பெரும்பாலும் அது சிமிட்டும் இடங்கள்: ரப்பர் குரோமெட் போடாமல் தகட்டில் துளைத்து ஒயரை விட்ட இடம், டிப்பரின் பாடி தூக்கி இறங்கும் கீல், பின் இலைச்சட்டத்துக்கு (லீஃப் ஸ்பிரிங்) மேல் தொங்கும் வளைவு, சைலன்சர் பக்கம். மேட்டில் ஏறி இறங்கும்போது மட்டும் பியூஸ் போனால் இலைச்சட்டத்தைப் பாருங்கள். மழையில் மட்டும் போனால் நீல நிறத்தில் கடித்துப் பிடிக்கும் ஸ்நாப் கனெக்டரைத் தேடுங்கள். அது ஒயரின் உறையைக் கடித்துத்தான் தொடர்பு எடுக்கிறது, அந்தக் கடி வழியே தண்ணீர் உள்ளே போகும். கடலோர வண்டியில் அதற்கு இடமே இல்லை. இன்சுலேஷன் டேப்பும் அப்படித்தான்: சித்திரை வெயிலில் பசை இளகி, ஆடிக் காற்றுக்குள் கழன்றிருக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏர் பிரேக்கின் நைலான் குழாய் நேராக, வசதியாக ஓடுகிறதே என்று அதோடு சேர்த்து ஒயரை டை போட்டுக் கட்டாதீர்கள். ஒயர் சூடானால் முதலில் இளகுவது அந்தக் குழாய். பிறகு பிரச்சினை லைட் பிரச்சினையாக இருக்காது.

அறிகுறி: லைட் அணையவில்லை, அல்லது அணைத்த பிறகும் மங்கலாக மினுங்குகிறது

முழு வெளிச்சத்தில் அணையாமல் இருந்தால் ரிலேயைப் பிடுங்குங்கள். அணைந்தால் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது. ஹாலஜன் பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் அதன் வழக்கமான கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஏர் ஹாரன் கம்ப்ரஸரும் அப்படியே. கணக்கில் 15 ஆம்பியர் வந்தாலும் 40 ஆம்பியர் ரிலே வாங்கச் சொல்வது இதனால்தான். கம்ப்ரஸர் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை: பல சுரம் மாறி அலறும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119ம், முன்னால் ஸ்பாட் லைட்டை விதி 111ம் தடுக்கின்றன. எவ்வளவு அழகாக ஒயரிங் செய்தாலும் அவை எப்.சி.யில் கழற்ற வேண்டியவைதான்.

எல்.இ.டி. மங்கலாக மினுங்கினால் சில மில்லி ஆம்பியர் எங்கிருந்தோ கசிகிறது. ரிலே இல்லாத அமைப்பில் ஸ்விட்ச்சின் உள்விளக்கு வழியாக வரும். ரிலே போட்டால் நின்றுவிடும். ரிலே இருந்தும் மினுங்கினால் சாக்கெட்டில் 30க்கும் 87க்கும் நடுவே உப்பு ஈரம் பாலம் கட்டியிருக்கிறது. சாக்கெட்டை மாற்றுங்கள்.

அறிகுறி: லைட் துடிக்கிறது, ரிலே கடகடவென அடிக்கிறது

பழைய வண்டி என்றால் 86க்கு வரும் சப்ளையோ 85இன் எர்த்தோ லூஸ். புது வண்டி என்றால் காரணம் வேறாக இருக்கலாம். பல பிஎஸ்6 வண்டிகளில் லைட்டுக்கான சப்ளையைக் கட்டுப்பாட்டு யூனிட் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும். கண்ணுக்கு அது நிலையான வெளிச்சம், ரிலேக்கு நொடிக்குப் பல தடவை ஆன், ஆஃப். ஹெட்லைட், பார்க்கிங் லைட் ஒயரில் இருந்து 86க்கு எடுத்திருந்தால் அதை விட்டுவிட்டு, பியூஸ் பாக்ஸில் சாவியோடு வரும் நிலையான சப்ளைக்கு மாற்றுங்கள்.

இந்த வண்டிகளில் லைட் மாட்டியதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்தால், எங்கோ கம்பெனி ஒயரைச் சுரண்டியிருக்கிறீர்கள் அல்லது ஈசியு எர்த் போல்ட்டிலேயே உங்கள் எர்த்தையும் இறுக்கியிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்து எடுங்கள். ரிலே காயிலின் இரு முனையில் ஒரு 1என்4007 டயோடு போடுவதும் நல்லது. ரிலே விடும்போது எழும் வோல்ட்டேஜ் உதையை அது விழுங்கும். கோடு போட்ட முனை 86 பக்கம். லைட் மாட்ட பிராக்கெட் வெல்டிங் செய்தால் பேட்டரியைக் கழற்றி, ஈசியு கப்ளரையும் பிரித்து, வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டு பண்ணும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க வையுங்கள்.

அறிகுறி: இன்டிகேட்டர் போட்டால் வேறு லைட்டும் சேர்ந்து மின்னுகிறது

பொதுவான எர்த் ஒன்று அறுந்திருக்கிறது. எர்த்துக்குப் போக வழியில்லாத கரண்ட் இன்னொரு லைட்டின் வழியாகத் திரும்புகிறது. உங்கள் எர்த்தைப் பின் லைட் எர்த்தோடு சேர்த்திருந்தால் அந்த போல்ட்டை முதலில் பாருங்கள்; பிரித்து இரண்டு இடத்தில் மாட்டுங்கள்.

அறிகுறி: காலையில் பேட்டரி இல்லை

முதலில் ஆல்டர்நேட்டரை விசாரித்து முடியுங்கள். இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4, லாரியில் 27.6 முதல் 28.8 வர வேண்டும். வருகிறது என்றால் நிற்கும்போது எதுவோ குடிக்கிறது.

வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். கம்ப்யூட்டர் யூனிட்டுகள் தூங்க அவகாசம் வேண்டும். நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பாருங்கள். அப்போது சாவி போடவோ கதவைத் திறக்கவோ கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். சின்ன வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்கு உள்ளே இருந்தால் சரி. அதிகம் என்றால் கூடுதலாக மாட்டியவற்றின் பியூஸை முதலில் ஒவ்வொன்றாக எடுங்கள். சாவி சப்ளைக்குப் பதில் நேரடி பேட்டரி சப்ளையில் மாட்டிய ஆம்ப்ளிஃபயர், மொபைல் சார்ஜர், அணைக்க மறந்த வேலை லைட் ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். 24 வோல்ட்டில் 40 வாட் லைட் ஒன்று பத்து மணி நேரத்தில் 17 ஆம்பியர் மணி குடித்துவிடும்.

24 வோல்ட் லாரியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மியூசிக் பிளேயருக்காக இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்களா? பேட்டரிகளைத் தனித்தனியே அளந்தால் ஒன்று 12.7, மற்றது 12.1 என்று வித்தியாசம் காட்டும். ஒன்றில் இருந்து மட்டும் கரண்ட் போகிறது, சார்ஜ் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவில் வருகிறது. குறைந்தது குறைந்துகொண்டே போகும், நிறைந்தது கொதித்துக் கொதித்துத் தண்ணீர் வற்றும். ஜோடியாக இரண்டும் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, அதன் சப்ளையை முழு 24இல் இருந்து எடுங்கள். ரிவர்ஸ் கேமரா 12 வோல்ட் மட்டும் என்று லேபிளில் இருந்தால் அதற்கும் இந்தக் கன்வெர்ட்டர்தான். பின் ரிவர்ஸ் லைட் ஒயரில் நேராக மாட்டினால் முதல் ரிவர்ஸிலேயே போய்விடும்.

அறிகுறி: எல்.இ.டி. பார் போட்டால் ரேடியோவில் இரைச்சல்

லைட்டுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் கிளப்பும் தொல்லை இது, ஆபத்து இல்லை. லைட்டின் பாசிட்டிவையும் எர்த்தையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள், ஆன்டெனா கேபிளில் இருந்து தள்ளி வையுங்கள், லைட்டுக்கு அருகில் ஒரு ஃபெரைட் வளையத்தில் ஒயரை இரண்டு சுற்று சுற்றுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அந்த லைட்டின் தரம் அவ்வளவுதான். ரேடியோவை மாற்றிப் பயனில்லை.

எந்தக் கோளாறைச் சரிசெய்தாலும் வண்டியை வெளியே விடுவதற்கு முன் எல்லா கூடுதல் லைட்டையும் ஒன்றாக எரியவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து பியூஸ் ஹோல்டர், ரிலே, ஒவ்வொரு ஜாயின்ட், எர்த் போல்ட் என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு இருந்தால் அந்த இணைப்பை அப்போதே வெட்டி மறுபடி செய்யுங்கள்.